ஏருக்கும் ஏட்டுக்கும் இடையே: அமெரிக்கப் புதுநிலத்து இளைஞர்களின் நாட்குறிப்புகள்

1860 ஜூலை 8 அன்று, பென்சில்வேனியாவின் ஒரு சிற்றூரில், வண்டிச் சக்கரத்துக்குக் குடம் கடையும் பட்டறையில் வேலை பார்த்த பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். எழுதியது பிரெஞ்சில். அது அவர் வீட்டு மொழி இல்லை. இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பெரும்பாலும் தானாகவே படித்த மொழி. படித்தது மறந்துபோகாமலிருக்க அன்றாடம் அதிலேயே எழுதிப் பழகினார். அவர் பெயர் லெஸ்டர் வார்டு. 1850களின் நடுவில் அவருடைய குடும்பம் கித்தான் கூண்டு கட்டிய வண்டியில் அயோவாவுக்குப் போய்ப் புதுநிலத்தில் குடியேறியது. 1857இல் தந்தை இறந்ததும் அந்தக் குடித்தனம் கலைந்தது. பட்டறைக்கு வந்து சேர்ந்த பையன், ஆரக்காலும் குடமும் செய்த கையால் பிரெஞ்சு வினைச்சொற்களைத் தப்பும் தவறுமாக எழுதிக்கொண்டிருந்தார்.

அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 1855இல், அதே பத்தொன்பது வயதில் சாமுவேல் ரீடர் என்ற இன்னோர் இளைஞர் கன்சாஸ் பிரதேசத்துக்குப் போனார். டொபீகா நகரத்துக்கு வடக்கே இண்டியனோலா என்ற குடியிருப்பில் நிலம் பிடித்தார். அவரும் நாட்குறிப்பு எழுதினார், சிறுவயதில் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கு மேல். அதில் சில இடங்கள் சுருக்கெழுத்தில் இருக்கின்றன, சில இடங்கள் பிரெஞ்சில். ஓரங்களில் படங்கள். வார்டும் ரீடரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆனாலும் இருவருக்கும் நாட்குறிப்பு ஒரே வேலையைச் செய்தது. அது அவர்களுடைய எழுத்துப் பலகை. வாத்தியார் இல்லாத இடத்தில் அன்றன்று எழுதிப் பழகும் பலகை.

புதுநிலத்தில் குடியேறிய வாழ்க்கை ஓர் இளைஞனின் அறிவை மழுங்கடித்ததா, தீட்டியதா? அமெரிக்க வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலமாக வாதாடும் கேள்வி இது. 1831இல் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்த பிரெஞ்சுக்காரர் தொக்வில், காட்டு நடுவே மரக்கட்டைக் குடிசைகளில்கூட ஷேக்ஸ்பியரின் உதிரி நூல்கள் கிடந்தன என்று எழுதினார். ஐந்தாம் ஹென்றி நாடகத்தைத் தாம் முதன்முதலாகப் படித்ததே அப்படியொரு குடிசையில்தான் என்கிறார். 1893இல் சிக்காகோவில் ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னர் வாசித்த கட்டுரை இந்த விவாதத்துக்கு வேறொரு வடிவம் கொடுத்தது. புதுநிலக் குடியேற்றத்தின் எல்லைப்புறம்தான் அமெரிக்க மனத்தை உருவாக்கியது என்றார் அவர். முரட்டுத்தனம், கூர்மை, ஓயாத ஆர்வம், எதையும் கையால் செய்து பார்க்கும் திறம் எல்லாம் அங்கே விளைந்தன, கலைநயம்தான் குறைவு. 1955இல் லூயி ரைட், குடியேறிகள் நாகரிகத்தைக் கைவிட்டுப் போகவில்லை, பெட்டியில் கட்டிக்கொண்டே போனார்கள் என்று மறுத்தெழுதினார். 1963இல் ரிச்சர்டு ஹோஃப்ஸ்டாட்டர், அமெரிக்கரிடம் ஊறிப்போன அறிவு வெறுப்பின் வேர்களைத் தேடிப் புகழ்பெற்ற ஒரு நூல் எழுதினார்.

இவர்கள் எல்லோரும் மேலிருந்து பார்த்தவர்கள். நாட்குறிப்பு கீழிருந்து பேசுகிறது. அது ஒரு தரப்பையும் முழுதாக ஆதரிக்கவில்லை என்பது என் கருத்து. மழுங்கடித்ததா தீட்டியதா என்ற கேள்வியையே அது கொஞ்சம் நகர்த்திவைக்கிறது. படிப்புக்கு நேரம் எங்கிருந்து வந்தது, புத்தகம் எந்த வழியாக வந்தது, படித்ததை எதில் உரைத்துப் பார்த்தார்கள் என்று கேட்கச் சொல்கிறது.

முதலில் நாட்குறிப்பு என்ற பொருளைப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் குடியானவரின் நாட்குறிப்புக்கு இரண்டு மூதாதையர். ஒன்று கணக்குப் புத்தகம்: யாருக்கு எத்தனை நாள் வேலை செய்தேன், எவ்வளவு தானியம் கடன் வாங்கினேன் என்பது. பஞ்சாங்கத்தின் பக்கங்களுக்கிடையே வெற்றுத்தாள் வைத்துத் தைத்து அதில் குறித்துவந்த வழக்கமும் உண்டு. இன்னொன்று மனச்சாட்சியின் கணக்கு. பியூரிட்டன், குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர் தங்கள் ஆன்மா அன்றைக்கு எங்கே நின்றது என்று எழுதிப் பார்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு இளைஞனின் ஏட்டில் இந்த இரண்டும் கலந்தன. காலையில் பனி, மத்தியானம் வேலி, மாலையில் மாடு தொலைந்தது, இரவு ஒரு புத்தகத்தில் இத்தனை பக்கம், கூடவே இன்றும் சோம்பலாக இருந்துவிட்டேன் என்ற குற்ற உணர்ச்சி.

இப்படிப்பட்ட வறண்ட குறிப்புகளை எப்படி வாசிப்பது என்று கற்றுக்கொடுத்தவர் லாரல் தாட்சர் அல்ரிக். மெயின் மாநிலத்தில் ஹாலோவெல் என்ற புதுக்குடியிருப்பில் பிரசவம் பார்த்த மார்த்தா பாலர்டு 1785 முதல் 1812 வரை எழுதிய நாட்குறிப்பை, அற்ப விஷயங்கள் என்று முந்தைய ஆய்வாளர்கள் ஒதுக்கியிருந்தார்கள். அந்த அற்பங்களை ஒன்றோடொன்று பொருத்தி, ஓர் ஊரின் மருத்துவம், கடன், திருமணம், உழைப்பு எல்லாவற்றையும் அல்ரிக் 1990இல் எழுதிய நூலில் எழுப்பிக்காட்டினார். ஒரு குறிப்பு தனியாகப் பேசாது. ஆயிரம் குறிப்புகள் வரிசையாக நின்றால் பேசும். மார்த்தா இளையவர் அல்ல, எழுதத் தொடங்கியபோது ஐம்பது வயது. ஆனால் இளைஞர்களின் ஏடுகளுக்கும் இந்த வாசிப்பு முறையே பொருந்துகிறது. ஒருவர் என்ன படித்தார் என்று ஒரு குறிப்பு சொல்லும். எந்த மாதத்தில் படிக்க முடிந்தது, எந்த மாதத்தில் முடியவில்லை என்பதைச் சொல்ல ஓராண்டுக் குறிப்புகள் வேண்டும்.

1862இல் லிங்கன் கையெழுத்திட்ட குடியேற்ற நிலச் சட்டம், இருபத்தொரு வயது நிரம்பியவருக்கு 160 ஏக்கர் நிலம் தந்தது. ஐந்து ஆண்டுகள் அங்கே வசித்துப் பயிரிட்டால் நிலம் சொந்தம், கட்டணம் சொற்பம். இந்தச் சட்டத்தின் வழியாகப் பட்டா பெற்றவர்கள் ஏறக்குறைய 16 லட்சம் பேர். நிலம் இலவசம் என்றாலும் அதை வயலாக்கும் உழைப்பு இலவசம் இல்லை. பெரும்புல்வெளியின் புல்வேர்கள் பாய் முடைந்ததுபோல் மண்ணுக்குள் பின்னிக் கிடந்தன. அதைக் கிழிக்க எஃகுக் கலப்பை வேண்டும். ஜான் டீர் அதை 1837இல் செய்துகாட்டினார். கிழித்தெடுத்த மண்கட்டிகளையே செங்கல்லாக அடுக்கி வீடு கட்டினார்கள். மரம் இல்லாத நாட்டில் காட்டெருமைச் சாணம் காய்ந்து வறட்டியாகக் கிடந்ததைப் பொறுக்கி அடுப்பெரித்தார்கள்.

1877இல் பென்சில்வேனியாவின் பெத்லகேமிலிருந்து கன்சாஸின் ஆஸ்போர்ன் வட்டத்துக்குப் போன ஹோவர்டு ரூடி, தம் குடும்பத்துக்கு எழுதிய கடிதங்களில் குழிவீடு ஒன்றின் முழுச் செலவையும் எழுதிவைத்தார். உத்தரக்கட்டை, ஆணி, கீல், 75 சென்டுக்கு ஒரு ஜன்னல், பலகை, அதை ஏற்றிவந்த கூலி. மொத்தம் 10 டாலர் 5 சென்ட். இந்தக் கடிதங்கள் நாட்குறிப்பைப்போலவே நாள்வாரியாக ஓடுகின்றன. 1937இல் ஜான் ஐஸ் அவற்றை நூலாக்கினார். ரூடி அச்சுக்கோக்கும் தொழில் தெரிந்தவர். கையில் காசு தீர்ந்ததும் பட்டணத்துக்குப் போய்ப் பத்திரிகை அலுவலகத்தில் எழுத்துக் கோத்துச் சம்பாதித்துவிட்டுத் திரும்பி வந்து நிலத்தைப் பார்த்தார். நம் கேள்விக்கு இது முக்கியமான சாட்சி. எழுத்தும் உழவும் அவருக்கு எதிரெதிர்த் துருவங்களாக இருக்கவில்லை. ஒன்றின் கூலியில் மற்றொன்று நடந்தது.

பகலில் உழைத்தவருக்குப் படிக்கும் நேரம் எங்கிருந்து வந்தது? குளிர்காலத்திலிருந்து வந்தது, மழை நாளிலிருந்து வந்தது, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வந்தது, காய்ச்சலில் படுத்த நாட்களிலிருந்தும் வந்தது. உழவு மாதங்களிலும் அறுவடை மாதங்களிலும் படிப்புக் குறிப்புகள் ஏறக்குறைய மறைந்துபோகும்; பனி விழுந்ததும் திரும்பி வரும். விளக்கும் ஒரு காரணம். 1859இல் பென்சில்வேனியாவில் டிரேக் தோண்டிய கிணற்றிலிருந்து கல்லெண்ணெய் பெருகி, மண்ணெண்ணெய் மலிவானது. அதற்குமுன் கொழுப்பில் வார்த்த மெழுகுத்திரிதான். படிக்க வேண்டுமானால் முதலில் மெழுகுத்திரி வார்க்க வேண்டும். இரவுப் படிப்பின் வரலாற்றில் இந்த எண்ணெய்க்குப் பள்ளிக்கூடங்களுக்கு நிகரான பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

நேரத்தைத் திருடிப் படித்தவர் கதை என்றால் ஜான் மியூரைச் சொல்லாமல் நகர முடியாது. 1849இல், பதினோரு வயதில், ஸ்காட்லாந்திலிருந்து விஸ்கான்சினுக்குக் குடியேறினார். தந்தை கண்டிப்பான மதப்பற்றாளர். பையன் தலை ஏர்ப்பிடிக்கு மேலே எட்டிப் பார்க்கும் வயதிலேயே உழவு. புதிய பண்ணையில் கிணறு வெட்டும்போது, உளியும் சுத்தியலுமாக மணற்பாறையைத் தனி ஆளாகக் கொத்திக்கொண்டே இறங்கினார். எண்பதடி ஆழத்தில் நச்சுக்காற்று தேங்கியிருந்தது. மயங்கிச் சரியவிருந்தவரை வாளியில் ஏற்றி மேலே இழுத்தார்கள். ஓரிரு நாளில் மறுபடியும் இறங்கி, தொண்ணூறாவது அடியில் தண்ணீர் கண்டார். அந்தப் பையன்தான், மத்தியானச் சாப்பாட்டுக்கும் மறுபடி வயலுக்குப் போவதற்கும் இடையே கிடைத்த சில நிமிடங்களைச் சேர்த்துவைத்து, ஒரே கோடையில் கணிதப் புத்தகம் ஒன்றை முடித்தார். பிறகு இயற்கணிதம், வடிவியல். இரவு கண்விழிக்கத் தந்தை தடை. விடியலில் எவ்வளவு சீக்கிரம் வேண்டுமானாலும் எழுந்துகொள் என்று மட்டும் அனுமதி. நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கே எழுந்தார். கையில் ஐந்து மணி நேரம். விறகு வீணாகும் என்று தந்தை சொல்வாரென அஞ்சிக் கணப்பு மூட்டாமல், நிலவறையில் உட்கார்ந்து மரத்தாலேயே கடிகாரம் செய்தார். பெண்கள் அணியும் பழைய இடுப்புக்கச்சையிலிருந்த எஃகுப் பட்டையை அறுத்து நுண்பல் ரம்பம் செய்துகொண்டார். 1860இல் அந்தக் கடிகாரங்களை மாடிசன் நகரக் கண்காட்சிக்குத் தூக்கிப்போனார். அது விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வாசலைத் திறந்துவிட்டது. எல்லைப்புறக் கோட்பாட்டை வகுத்த டர்னர், மறு ஆண்டு, மியூரின் பண்ணை இருந்த அதே வட்டாரத்தில், போர்ட்டேஜ் ஊரில் பிறந்தார். கிணற்றடியில் கிடந்த பையனின் நாட்டைத்தான் அவர் பிற்காலத்தில் கோட்பாடாக எழுதினார்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மியூரின் இந்த இளமைக் கதை நமக்குக் கிடைப்பது நாட்குறிப்பில் இல்லை; 1913இல், எழுபத்தைந்து வயதை நெருங்கியபோது வெளியிட்ட தன்வரலாற்றில். முதியவர் சொல்லும் இளமைக்கு முடிவு தெரியும். ஒவ்வொரு நிகழ்ச்சியும் பின்னால் வரப்போகும் பெயருக்குப் படிக்கட்டாக அமைந்துவிடும். நாட்குறிப்புக்கு நாளையைக்கூடத் தெரியாது. வார்டின் ஏட்டில் லத்தீன் பாடமும், பட்டறைக் கூலியும், காதலித்த பெண்ணோடு கழித்த மாலையும், பணமில்லாத கவலையும் ஒரே பக்கத்தில் முட்டிக்கொள்கின்றன. எது முக்கியம் என்று அவருக்கே தெரியாது. 1862இல் திருமணம் முடிந்த கையோடு உள்நாட்டுப் போருக்காகப் படையில் சேர்ந்தார். 1863இல் சான்சலர்ஸ்வில் போரில் காயமடைந்தார். போர் முடிந்து வாஷிங்டனில் அரசு வேலை, மனைவி லிஸியும் அவரும் சேர்ந்து படிப்பு. பின்னாளில் தொல்தாவரவியல் அறிஞர். 1883இல் சமூகவியல் பற்றிய இரண்டு தொகுதி நூல். 1906இல் அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் முதல் தலைவர். இவற்றில் எதுவும் 1860இன் பக்கங்களில் தெரியாது. அதனால்தான் அந்தப் பக்கங்கள் மதிப்புள்ளவை. 1860 முதல் 1870 வரையான அந்த ஏட்டை பெர்ன்ஹார்டு ஸ்டெர்ன் 1935இல் பதிப்பித்தார். வார்டு தொடர்ந்து எழுதிய மற்ற ஏடுகள் அவர் மறைவுக்குப் பின் அழிக்கப்பட்டதாகச் சொல்வார்கள். முதல் ஏடு தப்பியது நம் பேறு.

படிப்பைத் தேடிய ஏழைகள் மட்டும்தான் புதுநிலத்தில் இருந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. படிப்போடு வந்தவர்களும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க, அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து ஒருவர். கேம்பிரிட்ஜில் படித்த சாமுவேல் பட்லர் 1860 ஜனவரியில் நியூசிலாந்தில் இறங்கி, ராங்கிடாட்டா ஆற்றின் தலைப்பக்கம் ஆட்டுப்பண்ணை அமைத்தார். மாட்டுவண்டியில் பியானோ ஏற்றிக்கொண்டு போனார். டார்வினின் நூல் வெளிவந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கிறைஸ்ட்சர்ச்சின் பத்திரிகையில் 1862 டிசம்பரில் அந்த நூலைப் பற்றி அவர் எழுதிய உரையாடல் கட்டுரையை டார்வினே படித்துப் பாராட்டினார். அடுத்த ஆண்டு, இயந்திரங்களும் உயிர்களைப்போலப் பரிணாமம் பெறுமோ என்று கேட்டு ஒரு கட்டுரை. இன்று செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசுவோர் அதைத் தேடிப்பிடித்துப் படிக்கிறார்கள். ஆட்டு மந்தைக்கு நடுவே எழுந்த கேள்வி அது. பட்லரின் கடிதங்களைத் தொகுத்து அவருடைய தந்தை 1863இல் நூலாக்கினார். ஆனாலும் பட்லரை வார்டோடு ஒரே வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பட்லருக்குத் தனிமை கிடைத்தது. வார்டுக்கும் மியூருக்கும் தனிமைகூடக் கிடைக்கவில்லை. அதையும் தூக்கத்திலிருந்துதான் பிடுங்க வேண்டியிருந்தது. பட்லர் நான்கே ஆண்டுகளில் பண்ணையை நல்ல லாபத்துக்கு விற்றுவிட்டு ஊர் திரும்பினார்.

இந்த வரிசையில் என் நெஞ்சுக்கு மிக நெருக்கமானவர் எலம் பார்த்தலோமியு. 1852இல் பென்சில்வேனியாவில் பிறந்து, ஒஹையோ, இல்லினாய் என்று குடும்பத்தோடு மேற்கே நகர்ந்து, 1870களில் கன்சாஸின் ரூக்ஸ் வட்டத்தில், ஸ்டாக்டன் ஊர்ப் பக்கம் நிலம் பிடித்தார். இளவயதில் தொடங்கிய நாட்குறிப்பை 1934இல் சாகும்வரை விடவில்லை. கோதுமைக்காரர். மரமில்லாத மேட்டில் மரம் வளர்த்தவர். கோதுமைப் பயிருக்கு வரும் நோய்களில் கொடியது துரு. இலையிலும் தண்டிலும் செம்பழுப்புப் பொடியாக வெடிக்கும். தடவினால் விரலில் இரும்புத் துருவைப்போல ஒட்டும். அது ஒரு பூஞ்சை. தன் வாழ்நாளின் ஒரு பகுதியைக் கோதுமையிலும் இன்னொரு பகுதியைக் காட்டுக் களாச் செடியைப்போன்ற ஒரு முட்புதரிலும் கழிக்கும் விசித்திரமான உயிர். வயலைத் தின்னும் அந்தப் பொடியைப் பார்த்து மற்ற உழவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டபோது, பார்த்தலோமியு இலையைக் கிள்ளித் தாளுக்குள் மடித்துவைத்தார்.

அங்கிருந்து அவருடைய ஆராய்ச்சி வளர்ந்தது. கிழக்கே இருந்த பூஞ்சை அறிஞர்களுக்குக் கடிதம் எழுதினார், மாதிரிகள் அனுப்பினார். அவர்கள் பெயர் சொல்லித்தந்தார்கள். வட அமெரிக்கப் பூஞ்சைகளின் உலர்மாதிரித் தொகுப்பு ஒன்றை, அதைத் தொடங்கிய அறிஞர்களுக்குப் பின் தாமே ஏற்று நடத்தினார். ஒவ்வொரு மாதிரியும் ஒரு சின்னக் காகித உறை. உறைமேல் இடம், நாள், எந்தச் செடியில் கிடைத்தது என்ற விவரம். அந்த உறையின் எழுத்தும் நாட்குறிப்பின் எழுத்தும் ஒரே வகை: இன்ன நாள், இன்ன இடம், இதைக் கண்டேன். 1928இல் வட அமெரிக்கத் துருப் பூஞ்சைகளுக்குக் கையேடு வெளியிட்டார். மறு ஆண்டு ஹேஸ் நகரக் கல்லூரியின் பூஞ்சைக் காட்சியகத்துக்குப் பொறுப்பாளர் ஆனார். உழவை விட்டுவிட்டு அறிஞர் ஆனவர் இல்லை இவர். உழவின் எதிரியையே பாடப்புத்தகமாக்கிக்கொண்டவர். நாள்தோறும் குறித்துவைக்கும் பழக்கம் ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

வானிலைக் குறிப்புகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். நாட்குறிப்புகளை வாசிப்போர் முதலில் தாண்டிப்போவது அவற்றைத்தான். 1840களின் இறுதியில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஜோசஃப் ஹென்றி, நாடெங்கும் தன்னார்வ வானிலை நோக்கர்களைச் சேர்த்தார். உழவர், மருத்துவர், ஆசிரியர் என்று சில நூறு பேர் வெப்பமும் மழையும் காற்றும் குறித்து மாதாமாதம் அனுப்பினார்கள். மழை எப்போது பெய்தது என்று எழுதும் குடியானவரின் பழைய வழக்கம் அங்கே அறிவியலாயிற்று. கன்சாஸ் வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் மாலின் 1946இல், பழைய பத்திரிகைகளையும் குறிப்புகளையும் துழாவி, புல்வெளி பெருமளவு உழப்படுவதற்கு முன்பே அங்கே புழுதிப் புயல்கள் வீசியதைக் காட்டினார். 1930களின் பெரும்புழுதிக்கு உழவர்களே முழுக் காரணம் என்று நாடே பேசிக்கொண்டிருந்த காலம் அது. எப்போதோ யாரோ எழுதிவைத்த இன்று புழுதி என்ற ஒரு சொல், நூறாண்டுக்குப் பிறகு வழக்குமன்றச் சாட்சியாக எழுந்து நின்றது.

புத்தகம் எந்த வழியாக வந்தது? அஞ்சல் வழியாகவும் பக்கத்து வீட்டுக்காரர் வழியாகவும். மியூருக்கு வால்ட்டர் ஸ்காட்டின் நாவல்கள் அண்டை அயலாரிடமிருந்து கைமாறி வந்தன. அவற்றைத் தந்தைக்குத் தெரியாமல் படித்தார். செய்தித்தாளை அஞ்சலில் அனுப்பச் செலவு மிகக் குறைவு என்பதால் அது எந்தக் குடிசைக்கும் போய்ச் சேர்ந்தது. படித்து முடித்ததும் மண்சுவரில் ஒட்டினார்கள். குளிர் கொஞ்சம் தணியும், பிள்ளைகள் சுவரைப் பார்த்து எழுத்துக்கூட்டுவார்கள். குளிர்கால இரவுகளில் பள்ளிக்கூடக் கட்டடத்தில் இலக்கியக் கழகம் கூடும்: பாட்டு, கட்டுரை, பட்டிமன்றம். 1826இல் மாசசூசெட்ஸில் ஜோசயா ஹோல்புரூக் தொடங்கிய லைசியம் இயக்கத்தின் கிளைவழி அது. 1878இல் சட்டாக்குவா வாசிப்பு வட்டம் நான்காண்டுப் பாடத்திட்டத்தை வீட்டுக்கே அனுப்பியது. தனியாகப் படித்தான் என்று நாம் வியக்கும் இளைஞனுக்குப் பின்னால் இத்தனை கண்ணிகள் இருந்தன. அஞ்சல் இல்லையென்றால் பார்த்தலோமியுவும் இல்லை.

அவர்கள் படித்ததெல்லாம் சரியான அறிவும் அல்ல. மண்டையோட்டின் மேடுபள்ளத்தை வைத்துக் குணம் சொல்லும் சாத்திரம் அக்காலத்தில் அறிவியலாக உலா வந்தது; அதற்கென்று மாத இதழே நடந்தது, சொற்பொழிவாளர்கள் ஊர் ஊராகப் போனார்கள். நீர்ச் சிகிச்சை, ஆவிகளோடு பேசுதல் எல்லாம் தாவரவியலோடு ஒரே அலமாரியில் இருந்தன. இளைஞனுக்கு எது நிற்கும், எது விழும் என்று தெரியாது. ஆனால் துருப் பூஞ்சையைப் பற்றிய கருத்து தவறென்றால் வயல் சொல்லிவிடும்; கடிகாரத்தின் பல் தவறென்றால் கடிகாரம் நின்றுவிடும். மண்டையோட்டுச் சாத்திரத்துக்கு அப்படியொரு வயல் இல்லை. டர்னர் சொன்ன கைத்திறனில் உண்மை இருக்கிறது என்றால், அது இந்த இடத்தில்தான்.

பெண்களும் ஏடு எழுதினார்கள். பள்ளி ஆசிரியையான அப்பி பிரைட், இருபதுகளின் தொடக்கத்தில், 1871இல் தம் அண்ணன் இருந்த கன்சாஸுக்குப் போய்த் தம் பெயரிலேயே நிலம் பதிவுசெய்தார். மணமாகாத பெண்ணும் நிலம் பெறலாம் என்பது சட்டத்தின் நல்ல பகுதி. ரொட்டி சுடுவது, ஆண்களுக்குத் துணி தைப்பது, அஞ்சலுக்குக் காத்திருப்பது, வாசிப்பது எல்லாம் அவருடைய குறிப்புகளில் சேர்ந்தே வருகின்றன. ஆண்களின் படிப்புக்குக் குளிர்காலம் ஓய்வு தந்தது என்று மேலே எழுதினேன். சமையலுக்கும் தையலுக்கும் குளிர்காலத்தில் ஓய்வில்லை. ஆகவே பெண்ணின் படிப்பு நாட்காட்டி வேறு. அதை இன்னும் யாரும் சரியாக எழுதிப் பார்க்கவில்லை என்ற குறை எனக்கு உண்டு. கறுப்பினத்துக் குடியேறிகளில் ஆஸ்கர் மிஷோ தெற்கு டகோட்டாவில் நிலம் வாங்கி உழுது, பின் வறட்சியில் இழந்தார். தம் அனுபவத்தை 1913இல் நாவலாக்கினார். 1919இல் படமும் எடுத்தார். உழவன் எழுத்தாளனாகி எழுத்தாளன் திரைக்கலைஞனாகும் அந்தப் பாதையில் ஏர் ஓட்டிய ஆண்டுகள் வீணாகவில்லை.

மிஷோ உழுத நிலம் ரோஸ்பட் பகுதியில் சூ என்ற பூர்வகுடி மக்களின் ஒதுக்கீட்டு நிலத்திலிருந்து வெட்டியெடுக்கப்பட்டது. கன்சாஸ் என்ற பெயரே அங்கே வாழ்ந்த கன்சா மக்களுடையது. 1873இல் அவர்கள் தெற்கே, அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய ‘இந்தியப் பிரதேச’த்துக்கு அனுப்பப்பட்டார்கள். பார்த்தலோமியு மண்ணைக் கிழிக்கத் தொடங்கியது அதே பத்தாண்டில். இந்த இளைஞர்கள் லத்தீனும் தாவரவியலும் கற்றார்கள். அவர்கள் காலடியில் மிதிபட்ட புல்லுக்கும் பூண்டுக்கும் நூற்றாண்டுகளாகப் பெயரும் பயனும் அறிந்திருந்த மக்களிடம் கற்றார்களா? ஏடுகளில் அதற்கான தடயம் அரிது. அந்த மக்கள் வழிப்போக்கர்களாகவோ அச்சமாகவோ சில வரிகளில் வந்து மறைகிறார்கள். இந்த ஏடுகளை நேசித்து வாசிக்கும் எவரும் இந்த மௌனத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். அறிவுத்தாகம் கொண்டவர்களின் ஏடுகளில் இருப்பதாலேயே இந்த மௌனம் கூடுதலாக உறுத்துகிறது.

இன்னொரு மௌனமும் உண்டு. நிலம் பதிவுசெய்து ஐந்தாண்டு தாக்குப்பிடிக்காமல் வெளியேறியவர்கள் ஏராளம். 1874இல் வெட்டுக்கிளிக் கூட்டம் வானத்தை மறைத்து இறங்கி, பயிரை மட்டுமல்லாமல் துணியையும் மண்வெட்டிப் பிடியையும் அரித்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் தங்கள் ஏடுகளையும் கொண்டுபோயிருப்பார்கள், அல்லது அடுப்பில் போட்டிருப்பார்கள். ஆவணக் காப்பகத்தில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் வேரூன்றியவர்களின் ஏடு, பேரப்பிள்ளைகள் பாதுகாத்த ஏடு. புதுநிலம் அறிவைத் தீட்டியது என்று அவற்றை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதிவிட முடியாது. வார்டைப்போலவே இலக்கணப் புத்தகத்தோடு போராடி, பாதியில் சோர்ந்து, பட்டறையிலேயே தங்கிவிட்டவரின் நாட்குறிப்பு நமக்கு எவ்வளவு தேவைப்படுகிறது!

சாமுவேல் ரீடர் தங்கிவிட்டவர்தான். பெரிய பெயர் எதுவும் அவருக்கு வரவில்லை. டொபீகா பக்கத்துக் குடியானவராகவே இருந்தார். கன்சாஸின் அடிமைமுறைச் சண்டைகளில் 1856இல் துப்பாக்கி எடுத்தார். 1864இல் பிக் புளூ ஆற்றங்கரைச் சண்டையில் பிடிபட்டுத் தப்பிவந்தார். முதுமையில் தம் பழைய நாட்குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, தன்வரலாறாகத் திரும்ப எழுதத் தொடங்கினார். சுருக்கெழுத்தில் இரண்டு வரியாகக் கிடந்த ஒரு நாளைப் பக்கங்களாக விரித்தார். இளவயதில் எழுதிவைக்காமல் விட்ட ஆட்களின் முகங்களையும் குதிரைகளையும் குடிசைகளையும் நீர்வண்ணத்தில் தீட்டி, எழுத்துக்கு நடுவே வைத்தார். அந்தத் தொகுதிகள் இன்றும் கன்சாஸ் வரலாற்றுக் கழகத்தில் இருக்கின்றன.